ஆறு வயதுக்கு எவ்வளவு தூரம் போதும்? செங்கல்பட்டு, மாமல்லபுரக் கடற்கரையில் முதல் வகுப்பின் களப்பயணம்

டிசம்பர், ஜனவரி மாதங்களில் மாமல்லபுரம் ஐந்து ரதங்கள் பக்கம் போனால் பள்ளிப் பேருந்துகளுக்கு நடுவே புகுந்துதான் நடக்க வேண்டியிருக்கும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் வழிகாட்டி சொல்வதை நோட்டில் குறித்துக்கொள்கிறார்கள். முன்னால் போகும் பிள்ளையின் சட்டையைப் பிடித்து ரயில் விட்டுக்கொண்டு வரும் முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு யானை தெரிகிறது, ஐஸ் வண்டி தெரிகிறது. பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் தெரிவதில்லை. அதே நேரத்தில், கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு வகுப்பறையில் உள்ளூர்க் குழந்தை 'நமக்கு உதவுவோர்' படத்தில் தபால்காரருக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கலாம். அதன் தகப்பனார் சிற்பியாகவோ மீனவராகவோ இருக்கலாம்; அந்தப் படத்தில் அவர் இருக்கமாட்டார்.

முதல் வகுப்புப் பிள்ளை தன் ஊரையும் ஊர் மனிதர்களையும் பள்ளிக்கு வெளியே போய்த் தெரிந்துகொள்வதால் உண்மையில் பயன் உண்டா? உண்டென்றால் எவ்வளவு தூரம், எத்தனை முறை, யாருடன் போக வேண்டும்? உலகெங்கும் நூறாண்டுக்கு மேலாகக் கேட்கப்படும் இந்தக் கேள்விகளைச் செங்கல்பட்டு மாவட்டத்தையும் அதன் கடற்கரையையும் வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணம் வந்த வழி

1896-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் டூயி தொடங்கிய சோதனைப் பள்ளியில் சமையல், தச்சு, நெசவு போன்ற வேலைகளைச் சுற்றியே சிறுவர் பாடங்கள் அமைந்தன. நியூயார்க்கில் லூசி ஸ்ப்ரேக் மிட்செல் இன்னும் ஒரு படி மேலே போனார். 1934-இல் வந்த 'இளம் புவியியலாளர்கள்' என்ற நூலில், குழந்தை தன் தெருவில் நடந்து, பார்த்ததை மரக்கட்டைகளை அடுக்கி மீண்டும் கட்டிப் பார்க்கும்போதே வரைபடம் பிறக்கிறது என்று வாதிட்டார். பின்னர் பால் ஹன்னா குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம், ஊர், மாநிலம், நாடு என்று விரியும் வட்டங்களாகச் சமூகப் பாடத்தை வகுத்தார். நம் பாடநூல்களின் அடுக்கிலும் இந்த வரிசை இன்றும் தெரிகிறது.

நம் பக்கத்திலும் இதற்கு வேர் உண்டு. 1901-இல் தாகூர் சாந்திநிகேதனில் பிள்ளைகளை மரத்தடிக்குக் கொண்டுவந்தார். 1937-இல் வார்தா மாநாட்டில் உருவான ஆதாரக் கல்வி, கைத்தொழிலைப் பாடத்தின் நடுவில் வைத்தது. தமிழ் வாசகர்கள் விரும்பிப் படித்த ஜப்பானிய 'டோட்டோ-சான்' புத்தகத்தின் சிறுமியும் முதல் வகுப்புக்காரிதான். காலைப் பாடம் முடிந்தால் பிற்பகலில் ஆசிரியையோடு கோயில் வரை நடை; வழியில் பூவின் சூலகமும் மகரந்தமும் பாடம். அந்தப் பள்ளி 1945-இல் குண்டுவீச்சில் எரிந்துபோனது. ஆனால் ஜப்பான் 1989-இல் வெளியிட்டு 1992-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பாடத்திட்டத்தில், முதல் இரண்டு வகுப்புகளுக்கும் அறிவியலையும் சமூக அறிவியலையும் எடுத்துவிட்டு 'வாழ்க்கைப் பாடம்' என்ற ஒன்றை வைத்தது. அங்கே வழக்கமான வரிசை கவனிக்கத்தக்கது: முதல் வகுப்பில் பள்ளியையே சுற்றிப் பார்ப்பார்கள், ஊரைச் சுற்றுவது இரண்டாம் வகுப்பில். இலங்கையில் 1998-இல் தொடங்கிய தொடக்கக் கல்விச் சீர்திருத்தமும் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்பதை முதல் வகுப்பிலிருந்தே தனிப் பாடமாக்கியது.

இந்தியாவில் சட்டமே இதற்குத் துணை நிற்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, செயல்பாடு, தேடல், கண்டறிதல் வழியாகக் கற்றல் நடக்க வேண்டும் என்கிறது. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டம், பள்ளி அறிவை வெளி வாழ்க்கையோடு இணைப்பதை முதல் கொள்கையாக வைத்தது. முதல் இரண்டு வகுப்புகளுக்குச் சூழ்நிலையியல் தனிப் புத்தகம் வேண்டாம், மொழியோடும் கணக்கோடும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள் என்றது. தமிழ்நாட்டில் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08-இல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல், பிள்ளைகளைப் பெஞ்சிலிருந்து தரைக்கு இறக்கி அட்டைகளைக் கையில் கொடுத்தது. 2018-இல் வந்த புதிய பாடநூல்கள் முதல் வகுப்புக்குச் சூழ்நிலையியலைத் தனிப் பாடமாகத் தந்தன. 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து வாசிப்பிலும் கணக்கிலும் தேற்ற முயல்கிறது.

இத்தனை இருந்தும் ஓர் இடைவெளி உண்டு. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பரிந்துரைக்கும் 'புத்தகப் பையில்லாத பத்து நாட்கள்' ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்குத்தான். ஊருக்குள் போய்த் தொழில்களைப் பார்ப்பது பெரிய பிள்ளைகளின் காரியம் என்ற எண்ணம் கொள்கையிலும் இருக்கிறது, தலைமையாசிரியர் மனதிலும் இருக்கிறது. முதல் வகுப்புக்கு மிஞ்சுவது ஆண்டுக்கு ஒரு சுற்றுலா. தனியார் பள்ளியென்றால் கட்டணம் வாங்கிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையின் கேளிக்கைப் பூங்கா. அரசுப் பள்ளியென்றால் பெரும்பாலும் அதுவும் இல்லை.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

களப்பயணம் மனதில் நிற்கும் என்பதில் ஐயம் இல்லை. ஜான் ஃபாக், லின் டியர்கிங் இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை 128 பேரிடம் தொடக்க வகுப்புகளில் போன பயணத்தைப் பற்றிக் கேட்டார்கள். 96 சதவீதம் பேர் ஏதோ ஒரு பயணத்தை நினைவுகூர்ந்தார்கள். ஆனால் நினைவில் நிற்பதெல்லாம் படிப்பாகிவிடாது. எது நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அதே ஃபாக் 1978-இல் மார்ட்டின், பாலிங் ஆகியோருடன் செய்த ஆய்வு இதைவிடப் பயனுள்ளது. பழக்கமில்லாத இடத்துக்கு அழைத்துப்போன பிள்ளைகளின் கவனம் அந்த இடத்திலேயே செலவாகிவிடுகிறது. சொல்லித்தர நினைத்த பாடம் குறைவாகவே ஏறுகிறது. இடம் பழகிய பிள்ளைகளுக்குப் பாடம் கூடுதலாக ஏறுகிறது. இஸ்ரேலில் ஓரியன், ஹோஃப்ஸ்டைன் இருவரும் 1994-இல் இதை மூன்றாகப் பிரித்தார்கள்: பாடம் புதிது, இடம் புதிது, பயணம் எப்படி நடக்கும் என்பதே புதிது. மூன்றையும் முன்கூட்டியே குறைத்தால்தான் களத்தில் கற்றல் நடக்கும் என்றார்கள். அவர்கள் பார்த்தது உயர்நிலைப் பள்ளி மாணவர்களை. பதினாறு வயதுக்கே இப்படியென்றால் ஆறு வயதுக்கு எப்படி இருக்கும் என்பதை, வண்டலூர் உயிரியல் பூங்காவில் வெள்ளைப் புலிக் கூண்டுக்கு முன் நின்று "மிஸ், சாப்பாடு எப்போ?" என்று கேட்ட குழந்தையின் ஆசிரியைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்காகத் தூரப் பயணத்தையே தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 2011-இல் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற கலைக்கூடம் திறந்தபோது, பார்க்க வர விரும்பிய பள்ளிகள் இடத்தைவிட அதிகமாக இருந்ததால் குலுக்கல் போட்டார்கள். அது ஆய்வாளர்களுக்கு வாய்ப்பானது. போனவர்கள், போகாதவர்கள் என்று ஏறத்தாழ 11,000 மாணவர்களை ஒப்பிட்டபோது, போனவர்களிடம் பார்த்ததைக் கூர்ந்து பேசும் திறனும் பிறர் நிலையை உணரும் தன்மையும் கூடியிருந்தன. கிராமப்புற, ஏழைப் பிள்ளைகளிடம் அந்த ஆதாயம் இன்னும் பெரிது. வீட்டில் கூட்டிப்போக ஆளில்லாத பிள்ளைக்குப் பள்ளி கூட்டிப்போகும் ஒரு பயணம் எவ்வளவு கொடுக்கும் என்பதற்கு இது சான்று.

எதிர்க்குரலும் உண்டு. பழகியதிலிருந்து தொடங்கு என்ற கொள்கையையே கல்வியாளர் கியரன் ஈகன் கேள்விக்குள்ளாக்கினார். குழந்தைக்குப் பக்கத்துக் கடை தெரியும். அதன் மனம் ராட்சசனையும் மந்திரவாதியையும் தேடுகிறது. அதைத் தபால்காரரிடம் கொண்டுபோய் நிறுத்துவானேன் என்பது அவர் வாதத்தின் சாரம். கல்வி வரலாற்றாசிரியர் டயன் ராவிச் 1987-இல், தொடக்க வகுப்புகளிலிருந்து வரலாற்றையும் கதையையும் விரட்டிவிட்டு அந்த இடத்தில் சப்பென்ற சமூகப் பாடம் வந்து உட்கார்ந்துவிட்டது என்று சாடினார். வண்ணம் தீட்டும் தபால்காரர் படத்தைப் பார்த்தால் இவர்கள் பக்கம் நியாயம் இருப்பது தெரியும். ஆனால் வீட்டருகே இருப்பதெல்லாம் தெரிந்ததாகிவிடாது. தினமும் மீன் தின்னும் பிள்ளைக்கு வலை எப்படி நீரில் நிமிர்ந்து நிற்கிறது என்பது தெரியாது. கதையா, தெருவா என்ற சண்டைக்கும் இந்த மாவட்டத்தில் வேலை இல்லை. இங்கே கதையும் தெருவும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

ஏரி, கல், கடல்

2019 நவம்பர் 29-இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான செங்கல்பட்டைப் பழைய நாளிலிருந்தே ஏரி மாவட்டம் என்பார்கள். சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர்களை ஊருக்கு முன்பே கொளவாய் ஏரி வரவேற்கும். முதல் வகுப்புப் பிள்ளைக்கு ஏரியைப் போல் நல்ல பாடம் கிடைப்பது அரிது. கரையில் நின்றால் மேலே தண்ணீர், கீழே வயல், நடுவில் மதகு. மதகைத் திறந்தால் எந்தப் பக்கம் தண்ணீர் போகும் என்று கேட்டால் எந்தக் குழந்தையும் கை நீட்டிக் காட்டும். நிரம்பி வழியும் இடம் கலங்கல். முறை வைத்துத் தண்ணீர் விடும் நீர்க்கட்டி இன்னும் இருக்கும் ஊரில் அவரே அன்றைக்கு ஆசிரியர்.

இங்கேதான் கதையும் வந்து சேர்கிறது. மதுராந்தகம் ஏரிக்கரை உடையும் என்று பயந்த மழை இரவில், வில்லேந்திய இருவர் கரையில் காவல் நின்றதைக் கலெக்டர் லயோனல் பிளேஸ் பார்த்தார் என்பது ஏரி காத்த ராமர் கோயிலின் கதை. அதே கலெக்டர்தான் 1798-இல், ஊரார் கேட்டுக்கொண்டபடி வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாதென்று அங்கீகாரம் தந்தவர். ஊரார் கேட்டதற்குக் காரணம் வெறும் இரக்கம் மட்டும் இல்லை. கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் போடும் எச்சம் ஏரி நீரில் கரைந்து வயலுக்கு உரமாகப் பாய்ந்தது. பறவை, தண்ணீர், நெல் என்ற மூன்று கண்ணிச் சங்கிலியை ஆறு வயது மனம் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சரணாலயமும் பக்கத்துக் கரிக்கிலியும் 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. பறவைகள் மிரளக்கூடாதென்று அவ்வூரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குழந்தைக்கு ராம்சரைவிட இது முக்கியமான செய்தி.

மாமல்லபுரத்தில் கல். 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான இடம். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை. பல்லவர் வம்சவரிசையை முதல் வகுப்பு மறந்துவிடலாம். பெரிய பாறைச் சிற்பத்தில் யானைக் கூட்டத்துக்கு அருகே ஒரு பூனை பின்னங்காலில் நின்று தவம் செய்கிறது. அதன் காலடியில் எலிகள். அதைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொன்னால் போதும். கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் பால் கறக்கிறார். பசு கன்றை நக்குகிறது. இன்று காலை வீட்டில் பால் கறந்ததைப் பார்த்த குழந்தை ஏழாம் நூற்றாண்டோடு அங்கே கை குலுக்குகிறது. பாதியில் விட்ட ரதங்களும், பாறையைப் பிளக்க ஆப்பு அடித்த குழிகளின் வரிசையும் முடிந்த கோயில்களைவிடக் கூடுதலாகக் கற்பிக்கும். வேலை எப்படி நடந்தது என்பதை அவை அப்படியே காட்டி நிற்கின்றன.

அங்கிருந்து சிற்பப் பட்டறைக்கு நடந்துவிடலாம். 1957-இல் தொடங்கிய சிற்பக் கல்லூரியும், 2017-இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் பெரியவர்களுக்கான செய்திகள். பிள்ளைக்கு வேண்டியது பட்டறை வாசலில் பத்து நிமிடம். சிற்பி கல்லைத் தட்டிக் காட்டுவார்; உள்ளே விரிசல் இல்லாத கல் மணியாக ஒலிக்கும், விரிசல் விட்டது மந்தமாகக் கேட்கும். பிறகு கல்லின்மேல் கோடு போடுவார். உளியைச் சாய்த்துப் பிடித்துச் சுத்தியால் தட்டினால் சில்லு தெறிக்கும். பக்கத்தில் இன்னொருவர் இயந்திரத்தால் அறுப்பார். வெள்ளைத் தூசி எழும்பும். மூக்கில் ஏன் துணி கட்டியிருக்கிறார் என்று ஒரு குழந்தை கேட்டுவிட்டால் அன்றைய பாடம் முழுமை. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. வேலையின் அழகோடு அதன் விலையையும் மறைக்க வேண்டியதில்லை. பிள்ளைகளைத் தூசிக்கு எதிர்ப்பக்கம், சில்லு எட்டாத தூரத்தில் நிறுத்த வேண்டும் என்பதையும் ஆசிரியை அப்போதே செய்து காட்டுவார்.

கரையில் கடல். கோவளம், நெம்மேலி, தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று வரிசையாக மீனவக் குப்பங்கள். காலையில் ஃபைபர் படகுகள் கரையேறியதும் பாடு எப்படி என்ற விசாரிப்பு, மணலிலேயே ஏலம், கூடையைத் தூக்கும் பெண்கள். சற்றுத் தள்ளி, வலை சீர்செய்யும் பெரியவரிடம் பிள்ளைகளை உட்காரவைத்தால் பேச்சு இப்படித்தான் போகும்.

"தாத்தா, இந்தக் குண்டு எதுக்கு?"

"ஈயம் கண்ணு. வலையோட கீழ்க்கயிறு அடியில போவணும்ல?"

"அப்ப மேல?"

"மேல மிதவை. அது தூக்கும், இது இழுக்கும். நடுவுல வலை சுவரு மாதிரி நிக்கும்."

"சின்ன மீனு இந்த ஓட்டையில போயிடுமே?"

"போவட்டும். பெருசானதும் வரட்டும்."

மிதத்தலும் மூழ்கலும், வலைக்கண்ணை எண்ணும் கணக்கும், நாளைக்கும் மீன் வேண்டும் என்ற நியாயமும் இந்த நாலு பேச்சில் அடங்கிவிட்டன. அந்த நியாயத்துக்காகவே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். பொரிப்பகம் உள்ள இடத்தில் குஞ்சுகளைக் கடலுக்கு விடுவதைப் பார்க்கலாம். 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த தலைமுறைதான் இன்று தாத்தா, ஆயாக்களாக இருக்கிறது. ஆழிப்பேரலையைப் பற்றிக் குழந்தை கேட்டால் பயமுறுத்தாமல், மறைக்காமல் சொல்லக்கூடியவர்களும் அவர்களே.

நிறுவனங்களையும் விட்டுவிட முடியாது. வடநெம்மேலியில் 1976-இல் ரோமுலஸ் விட்டேகரும் ஜாய் விட்டேகரும் தொடங்கிய முதலைப் பண்ணை. அதே வளாகத்தில் 1978-இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். தோலுக்காகப் பாம்பு பிடித்துவந்தவர்கள், அந்த வணிகம் தடைசெய்யப்பட்டபின், அதே திறமையை நஞ்சு எடுக்கப் பயன்படுத்தி, பாம்பை மீண்டும் காட்டில் விடுகிறார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை ஆகிய நான்கின் நஞ்சு இங்கிருந்து மருந்தாகப் போகிறது. 2023-இல் இந்த மாவட்டத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்கள் பத்மஸ்ரீ பெற்றார்கள். முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவில் தென்மாநிலப் பழைய வீடுகளும் குயவர் சக்கரமும் உண்டு. இவை ஆண்டுக்கு ஒருமுறை பேருந்தேறிப் போகத் தகுந்த இடங்கள்.

யாருடைய ஊர்?

தொழில்களைக் காட்டும் பாடத்தில் நம் நாட்டுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்ற கும்பினிப் பொறியாளர் செங்கல்பட்டுச் சீமையின் சுமார் 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். ஒவ்வோர் ஊரிலும் எத்தனை வீடு, எத்தனை ஏரி, விளைச்சலில் கோயிலுக்கு எவ்வளவு, குயவர், தச்சர், வெட்டியான், கணக்கப்பிள்ளை ஆகியோருக்கு எவ்வளவு பங்கு என்றெல்லாம் அதில் பதிவானது. ஓர் ஊர் எத்தனை கைகளால் நடந்தது என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் அரிது. அந்தக் கைகள் பிறப்பால் பிரிக்கப்பட்டிருந்தன என்பதற்கும் அதுவே ஆவணம்.

இன்று ஒரு முதல் வகுப்பைக் கூட்டிப்போய் "இவர் மீனவர், இவர் இருளர், இவர் தூய்மைப் பணியாளர்" என்று வரிசையாகக் காட்டினால், பழைய கணக்கைப் புதிய பிள்ளைகளுக்கு ஒப்படைத்ததாக ஆகிவிடும். அந்த வகுப்பிலேயே அவர்களின் பிள்ளை உட்கார்ந்திருக்கும். எனவே ஆசிரியர் கேட்கவைக்கும் கேள்வி முக்கியம். "நீங்க யாரு?" என்பதைவிட "இந்த வேலைய எப்படிக் கத்துக்கிட்டீங்க? எது கஷ்டம்? தப்பா போனா என்ன பண்ணுவீங்க?" என்பவை நல்ல கேள்விகள். அவை பிறப்பை விட்டுத் திறமையின் பக்கம் பேச்சைத் திருப்பும். கூடவே குப்பத்திலிருந்து செவிலியரான பெண்ணையும், ஆட்டோ ஓட்டும் அக்காவையும், படித்து ஆசிரியரான இருளர் ஒருவரையும் பிள்ளைகள் பார்க்க வேண்டும். வேலை மாறும் என்பதும் ஊரைப் பற்றிய உண்மைதான்.

சுற்றுலா ஊருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மாமல்லபுரம் வருகிறவர்கள் பார்ப்பதற்காகவே அலங்கரிக்கப்பட்ட ஊர். 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் வந்தபோதும், 2022-இல் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோதும் சாலைகள் பளபளத்தன. அந்த ஊரின் பிள்ளை தன் ஊரை விருந்தாளியின் கண்ணால் பார்க்கப் பழகிவிடக் கூடாது. உள்ளூர்ப் பள்ளிக்கும் வெளியூர்ப் பள்ளிக்கும் ஒரே பயணத் திட்டம் உதவாது. வெளியூர்ப் பிள்ளைக்கு வெண்ணெய் உருண்டைப் பாறை அதிசயம். உள்ளூர்ப் பிள்ளை அதன் நிழலில் விளையாடி வளர்ந்தது. அதற்கு அந்தப் பாறையடியில் இளநீர் விற்பவரின் ஒரு நாள்தான் புதிய பாடம். மேல்வகுப்புக்கு வந்ததும் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு வழிகாட்டப் போகிறவர்களும் இவர்களே.

குறுக்கே நிற்பவை

கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்போ ஐந்து. ஒருவர் முதல் வகுப்பைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனால் மற்ற நான்கு வகுப்பும் இன்னொருவர் தலையில். அதிலும் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போயிருந்தால் பயணம் அத்தோடு நின்றது. இதைப் பேசாமல் களப்பயணத்தின் பெருமையைப் பேசிப் பயனில்லை.

அடுத்தது பயம், அதற்குக் காரணமும் இருக்கிறது. 2024 ஜனவரி 18-இல் வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். மாமல்லபுரக் கடலில் குளிக்க இறங்கி உயிர்விட்டவர்களின் செய்தி ஆண்டுதோறும் வருகிறது. ஆகவே முதல் வகுப்புக்குச் சில விதிகளில் தளர்வே கூடாது. படகில் ஏற்றுவதில்லை; முட்டுக்காடு கழிமுகத்தைக் கரையிலிருந்து பார்த்தால் போதும். அலை தொடும் கோட்டுக்கு இப்பால் நிற்க வேண்டும். ஏரியில் கரையை விட்டு இறங்கக் கூடாது. மண் அள்ளிய குழி எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடக்காமல் போகும் வழியையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். ஊர் நடையென்றால் காலை பத்தரைக்குள் திரும்பிவிட வேண்டும். இந்தக் கரையோர வெயிலும் புழுக்கமும் சிறு பிள்ளைக்கு ஆகாது. தண்ணீர், கழிப்பறை இரண்டுக்கும் முதல் நாளே வழி பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாவது, பாடத்தை முடிக்கும் அவசரம். பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும்போது ஏரிக்கரைக்கு என்ன வேலை என்று பெற்றோரும் கேட்பார்கள், ஆய்வுக்கு வரும் அதிகாரியும் கேட்பார். படிப்பதற்குச் சொல் வேண்டும், சொல்லுக்குப் பொருள் வேண்டும். மதகையும் உளியையும் மிதவையையும் கையால் தொட்ட பிள்ளை அந்தச் சொற்களைப் பலகையில் பார்க்கும்போது எழுத்துக்கூட்ட மட்டும் செய்வதில்லை, அடையாளம் கண்டுகொள்கிறது. ஏரிக்கரை நடையை எண்ணும் எழுத்துக்கும் எதிராக நிறுத்த வேண்டியதில்லை. எண்ணவும் எழுதவும் பொருள் கிடைப்பதே அங்கேதான்.

ஓராண்டுக்கு ஒரு வழி

இதுவரை பார்த்த ஆய்வுகளும் அனுபவங்களும் ஒரே திசையைக் காட்டுகின்றன: அருகில், அடிக்கடி, ஒரே இடத்துக்குப் பலமுறை, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கேள்வியோடு. இந்த மாவட்டத்தின் பருவங்களுக்கு அதை இப்படிப் பொருத்தலாம்.

ஜூன், ஜூலையில் பள்ளியை விட்டே வெளியே போக வேண்டாம். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அதற்கு முன்பிருந்தே வரும் சத்துணவும் நடக்கும் சமையலறைதான் முதல் களம். எத்தனை பேருக்குச் சமைக்கிறார்கள், அரிசி எங்கிருந்து வருகிறது, காலையில் எத்தனை மணிக்கு அடுப்பு பற்றவைக்கிறார்கள் என்று சமையல் செய்யும் ஆயாவிடம் கேட்டாலே ஒரு வாரப் பாடம். ஆகஸ்டில் பள்ளித் தெரு: மளிகைக் கடை, ரேஷன் கடை, அங்கன்வாடி. செப்டம்பரில் பட்டறையோ படகுத்துறையோ, ஊருக்கேற்றபடி. அக்டோபர் மழைக்கு முன் ஒருமுறை ஏரிக்கரை. மழை ஓய்ந்து டிசம்பரில் அதே இடத்தில் இன்னொரு முறை. இரண்டுக்கும் நடுவே என்ன மாறியது என்று பிள்ளைகளே சொல்லட்டும். பொங்கல் சமயத்தில் பானை செய்பவர் வீடு. ஜனவரி, பிப்ரவரியில் ஆண்டின் ஒரே பேருந்துப் பயணம்: செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்துப் பள்ளிக்கு மாமல்லபுரம், கடற்கரைப் பள்ளிக்கு வேடந்தாங்கல். ஏரியையும் கல்லையும் வலையையும் ஏற்கெனவே பார்த்துப் பழகிய பிள்ளைக்கு அந்தத் தூர இடத்தில் எதைத் தேட வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

போகும் முன் ஒரு கேள்வி. போய் வந்ததும் ஒரு வேலை. வகுப்புத் தரையில் சாக்பீஸால் பள்ளியைப் போட்டு, அங்கிருந்து நடந்த வழியைப் பிள்ளைகளே இழுக்கட்டும். வேப்பமரம் எங்கே, நாய் குரைத்த வீடு எங்கே, பட்டறை எங்கே என்று சண்டை வரும். மிட்செல் மரக்கட்டைகளைக் கொண்டு செய்ததை நம் வகுப்பறை சாக்பீஸால் செய்துவிடும். கல் தட்டிய சிற்பியையும் வலை காட்டிய தாத்தாவையும் பிறகொரு நாள் வகுப்புக்கு அழைத்து, பிள்ளைகள் வரைந்ததைக் காட்ட வேண்டும். அரை நாள் கூலியை விட்டு வருகிறவருக்கு ஒரு சிறு தொகை கொடுப்பதும் பள்ளியின் கடமை. அறிவுக்கு மதிப்பு உண்டென்பதைப் பிள்ளைகள் அப்படித்தான் பார்க்கும்.

இதற்கெல்லாம் ஆகும் செலவு ஒரே ஒரு பேருந்து வாடகையும் அந்தச் சிறு தொகையும் சில சாக்பீஸ் கட்டிகளும். தட்டுப்பாடு ஆளில்தான். பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர், ஓய்வுபெற்ற ஆசிரியர், 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாலை வகுப்பு எடுத்துப் பழகிய தன்னார்வலர் என இவர்களில் நாலு பேரை மாதத்துக்கு ஒரு காலைப் பொழுது பள்ளிக்கு வரவைக்க ஒரு வட்டாரக் கல்வி அலுவலரின் சுற்றறிக்கை போதும். அதில் இரண்டு செய்தி இருந்தால் சரி: ஒரு மணி நேர ஊர் நடைக்குத் தலைமையாசிரியரின் அனுமதியே போதுமானது, கூட வரும் பெரியவர்களின் பெயர்ப் பட்டியலைக் குழு முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். உலகம் வியக்கும் சிற்பமும் இருநூறாண்டு காத்த பறவை ஏரியும் உள்ள மாவட்டத்தில், ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஊருக்கும் நடுவே நிற்பது தூரமோ பணமோ இல்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போக இன்னும் ஒரு பெரியவர் இல்லாத குறைதான். திட்டம் தீட்டுகிறவர்கள் முதலில் தீர்க்க வேண்டியதும் அதைத்தான்.